கெம்பஸில் பிள்ளைகள் பேசட்டும்



பிள்ளைக்கு கெம்பஸ் கிடைத்துவிட்டால் நம் வீடுகளில் எவ்வளவு சந்தோஷம்! ஆனால் பேக் கட்டும்போதே உம்மாமார் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: "ஒரு பிரச்சினைக்கும் போகாத மகன். படிச்சமா, வந்தமா எண்டு இரி."

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பகிடிவதையைத் தடை செய்து 1998இல் சட்டம் வந்தும் அது ஒழியவில்லை. வெளியே போன பிள்ளை வீடு வந்து சேருமா என்று வாசலில் காத்திருந்த காலமும் நமக்கு மறக்கவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். நான்கு வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வரும் பிள்ளை, நாளை ஊர்க் கூட்டத்தில் எழுந்து எப்படிப் பேசும்?

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. யுத்தத்தால் வேறு பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தொடர முடியாமல் போன நம் பிள்ளைகளுக்காக மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் முன்னின்று பெற்றுத் தந்தது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு வருடமே முழுப் பல்கலைக்கழகமானது. இன்று முஸ்லிம், தமிழ், சிங்களப் பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள். ஒரே ஹோலில் இருந்து பாடம் கேட்கிறவர்கள் ஒருவர் ஊர்ப் பிரச்சினையை மற்றவர் கேட்டிருப்பார்களா?

பேசுவதற்கு விஷயம் தேடி அலையவும் வேண்டாம். ஒலுவில் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. 2013இல் திறந்தார்கள். பிறகு வாயிலை மண் மூடியது. வடக்கே கரையைக் கடல் அரித்தது. மண்ணை அள்ளினால்தான் போட் போகும் என்கிறார்கள் மீனவர்கள். காணியும் தென்னையும் கடலோடு போனவர்களுக்கோ துறைமுகம் என்றாலே வயிறு எரிகிறது. இரண்டு பக்கமும் நம் ஆட்கள்தான். இரண்டு பேரும் தனித்தனியே ஆர்ப்பாட்டம் செய்து என்ன கண்டோம்?

இவர்களை கெம்பஸ் மண்டபத்துக்கு அழைத்தால் என்ன? பொறியியல் பீடம் அங்கேயே இருக்கிறது. அலை மண்ணை எப்படி நகர்த்துகிறது என்று மாணவர்கள் விளக்கட்டும். எந்த மாதத்தில் எங்கே மண் சேரும் என்பதைப் படகோட்டி சொல்லட்டும். மாத்தறையிலிருந்து வந்த பிள்ளை தன் ஊர்க் கரையில் நடந்ததைச் சொல்லட்டும். இதற்குக் கட்சி தேவையில்லை, கொடி தேவையில்லை. திட்ட அறிக்கை வேண்டுமா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவர்களே விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அதிகாரிகள் சொல்லியாக வேண்டும்.

கோபம் வரும், குரல் உயரும். வரட்டும். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்க அங்கேதான் பழக முடியும். விரிவுரையாளர்களும் நிர்வாகமும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். சந்தேகக் கண்ணோடு பார்க்கக் கூடாது.

அப்படியொரு கூட்டம் கூடினால், மகனை, மகளை மறிக்காதீர்கள். நீங்களும் போங்கள். கதிரையில் இருந்து கேளுங்கள். உங்கள் கரையில் நீங்கள் கண்டதையும் எழும்பிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்