குருதி கொடுத்தவர்க்கு உரிய அறிவு

ஒருவர் உடலில் இன்னும் தோன்றாத நோயை முன்கூட்டியே உய்த்துணரும் ஆற்றல் மருத்துவ அறிவியலுக்கு வாய்த்தபோதே, அந்த அறிவு யாருக்கு உரியது என்னும் வினாவும் உடன் பிறந்துவிட்டது. தம் குருதியையும், மறைந்த தாயர் தமக்கையரின் நோய்க் குறிப்புகளையும் ஆய்வாளரிடம் ஒப்படைக்கும் குடும்பங்கள், தமக்குப் பயன் கிட்டுமா என அறியாத நிலையிலும், பின்வரும் தலைமுறையை எண்ணியே அதைச் செய்கின்றன. அந்த நம்பிக்கையை ஏற்றுக்கொண்டவரின் கடமை, கண்டதை ஆய்விதழில் பதிப்பித்த அளவில் முடிந்துவிடுவதில்லை.

அமெரிக்க மரபியல் அறிஞர் மேரி கிளேர் கிங்கின் ஆய்வுக் கட்டுரைகளை வரிசையாக நோக்குவோர்க்கு இக்கடமையின் முழு அளவும் விளங்கும். மார்பகப் புற்றுநோய் ஒற்றை மரபணுவின் வழியே தலைமுறை தாண்டி வரக்கூடும் என்பதை அறிஞருலகில் பலரும் ஏற்காதிருந்த 1970களில் அவர் தம் தேடலைத் தொடங்கினார். 23 பெருங்குடும்பங்களில் நோயுற்ற 146 பேரின் தரவுகளை ஆராய்ந்து, இளம் வயதிலேயே நோய் தோன்றிய குடும்பங்களைத் தனியே பிரித்து நோக்கியபோதுதான் தடம் தெளிந்தது. அம்மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளது என்று 1990இல் அவர் குழு அறிவித்தது. பிஆர்சிஏ1 என இன்று உலகறிந்த மரபணு அதுவே.

பின்வந்த கட்டுரைகள் முதற்கட்டுரையினும் எடை குறைந்தவை அல்ல. நம் நோக்கில், மக்கள் நலனுக்கு அவையே நெருக்கமானவை. நியூயார்க் வட்டாரத்தில் மார்பகப் புற்றுநோய் கண்ட அஷ்கெனாசி யூதப் பெண்கள் 1,008 பேரை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரையில், பத்தில் ஒருவருக்குப் பரம்பரைத் திரிபு இருந்தது. அவ்வாறு இருந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் நெருங்கிய உறவினரிடையே இந்நோய் இருந்ததற்கான அடையாளமே இல்லை. சிறு குடும்பங்களாலும், தந்தை வழியே வந்ததாலும் திரிபு மறைந்தே நடந்திருந்தது. இசுரேலில் நலமாயிருந்த 8,195 ஆண்களிடமிருந்து தொடங்கி, திரிபு கண்டவர்களின் குடும்பப் பெண்களைப் பின்தொடர்ந்து, எஃப்ராத் லெவி-லகாத் உள்ளிட்டோருடன் 2014இல் அவர் வெளியிட்ட ஆய்வும் இதை உறுதிசெய்தது: குடும்பத்தில் நோய் இருந்ததா என்று பாராமலே இவ்வாறு கண்டறியப்பட்ட, பிஆர்சிஏ1 திரிபுடைய பெண்களுக்கும் 80 வயதுக்குள் மார்பகத்திலோ சூலகத்திலோ புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு 83 விழுக்காடு. குடும்பத்தில் எவர்க்கேனும் நோய் வந்த பின்னரே சோதிப்போம் என்னும் நடைமுறை எத்தனை பெண்களைக் கைவிடுகிறது என்பதை இவ்விரு ஆய்வுகளும் காட்டிவிட்டன.

ஏறத்தாழ முப்பது வயதில் எல்லாப் பெண்களுக்கும் இச்சோதனை கிட்ட வேண்டும் என்று கிங் 2014இல் வேண்டியது இந்த அடிப்படையில்தான். வீண் அச்சம் விளையும் என்போரின் கவலை புறந்தள்ளத் தக்கதன்று. ஆயினும், தீங்கு உறுதியான திரிபுகளை மட்டுமே தெரிவிக்க வேண்டும், பொருள் விளங்காதவற்றைப் பெண்ணின் தலையில் சுமத்தலாகாது என்று அவரே வரம்பிட்டிருக்கிறார். அவ்வரம்போடும், தேர்ந்த அறிவுரையோடும், தொடர் மருத்துவம் எட்டும் தொலைவில் இருக்கும் உறுதியோடும் அவ்வேண்டுகோளை நாம் ஏற்கிறோம்.

ஆனால் அந்த அறிவின் வாயிலில் நெடுங்காலம் பூட்டு தொங்கியது. 1994இல் மார்க் ஸ்கால்னிக் தலைமையிலான குழு மரபணுவைப் பிரித்தெடுத்தபின், மிரியாட் என்னும் மரபணுச் சோதனை நிறுவனம் காப்புரிமைகளின் துணையால் அமெரிக்காவில் சோதனையைத் தன் ஒரு கைக்குள் அடக்கியது. கட்டணம் 3,000 டாலரைக் கடந்தது. முடிவில் ஐயுற்ற பெண் வேறோர் ஆய்வகத்தை நாடவும் வழியிருக்கவில்லை. 2013 சூன் 13 அன்று, இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்ததனாலேயே அதற்குக் காப்புரிமை கோர இயலாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக உரைத்தனர். அன்றே வேறு ஆய்வகங்கள் சோதனையை அறிவித்தன.

தீர்ப்பு தொடாத ஒன்று உண்டு. எந்தத் திரிபு கேடுடையது, எது தீங்கற்றது என்பதை ஆயிரமாயிரம் நோயாளிகளின் சோதனைகளிலிருந்தே அறிய முடியும். அத்தரவுகளைப் பொதுத் தொகுப்புக்கு அளிப்பதை அந்நிறுவனம் 2004இலேயே நிறுத்திக்கொண்டிருந்தது. காப்புரிமை வீழ்ந்த பின்னும் பல ஆண்டுகள் நிறுவனத்தின் அத்தரவுகள் திறக்கப்படவில்லை. இத்தகைய மறைப்பின் சுமை எல்லார்மேலும் ஒப்ப விழுவதில்லை: உலகின் மரபணுத் தொகுப்புகளில் ஐரோப்பிய வழியினரே மிகுந்திருக்க, ஆப்பிரிக்க, ஆசிய வழிப் பெண்களுக்கே பொருள் விளங்காத திரிபு என்னும் விடை மிகுதியாகக் கிடைக்கிறது. பெயரும் அடையாளமும் நீக்கி, திரிபுகளின் விளக்கத்தைப் பொதுத் தொகுப்பில் சேர்ப்பதைச் சோதனைக்கூடங்களின் உரிமத்துக்கே நிபந்தனையாக்க வேண்டும். வணிகத்தின் நல்லெண்ணத்துக்கு விட்டுவைக்கும் செய்தியன்று இது. அரசுகளின் சட்டத்தால் ஆக வேண்டியது.