கடலுக்குப் பேர் இருக்கு, கைக்கு எங்கே?

திருவண்ணாமலையில் கடல் கிடையாது. பக்கத்துக் கடற்கரை என்றால் புதுச்சேரிதான், அதற்கே சுமார் நூறு கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் பௌர்ணமி ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வந்தால் சங்கு, சோழி மாலை, சிப்பி ஒட்டிய கண்ணாடி என்று பாதிக் கடல் பிளாட்பாரத்தில் கிடக்கும். பேரம் பேசினால் பாதி விலைக்குக் கிடைக்கும்.

இதே சரக்கு கொஞ்சம் வசதியான கூட்டத்துக்கு வேறு வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு நாளோ மூன்று நாளோ நடந்துவிட்டு மூட்டை கட்டும் 'பாப்-அப்' கைவினைக் கண்காட்சி. மங்கலான வெளிச்சம், கோரைப்பாய் விரிப்பு, பொருளுக்குப் பக்கத்தில் அழகான ஒரு அட்டை. 'கடலோர நிலம் தந்த கற்பனை', 'அலையின் வளைவு', 'முழுக்கக் கையால் செய்தது'.

சரி, யார் கையால்? அதுதான் அட்டையில் இருக்காது. டிசைனர் பேர் இருக்கும். கடையின் பேர் இருக்கும். கடலுக்குக்கூடப் பேர் இருக்கும். செய்தவருக்கு மட்டும் 'உள்ளூர்க் கைவினைஞர்கள்' என்று மொத்தமாக ஒரு பட்டம்!

கடலோரம் என்பது வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத்தான் காட்சி. அங்கே இருப்பவர்களுக்கு அது வேலை செய்யும் இடம். மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி முங்கி எடுத்த சங்குதான் தலைமுறை தலைமுறையாக வங்காளத்துக் கல்யாணப் பெண்களின் கைக்கு வளையலாகப் போனது. சங்கை அறுத்து வளையல் செய்யும் தொழிலைப் பற்றிச் சங்க இலக்கியத்திலேயே பேச்சு உண்டு. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து ஓலைப் பெட்டிக்கு முதலில் ஒருவர் பனை ஏறிக் குருத்தோலை வெட்ட வேண்டும். பிறகு அதைக் காயவைத்து, கிழித்து, சாயம் ஏற்றி, முடைய வேண்டும். மாமல்லபுரத்தில் கருங்கல் செதுக்குகிறவர் நெஞ்சுக்குள் போகிற கல் தூசியை எந்த அட்டையும் 'கடலின் கவிதை' என்று எழுதாது.

'கண்காட்சி நடத்துவதால்தானே அவர்களுக்கு விற்பனையே' என்று கேட்பார்கள். விற்பதில் யாருக்கும் சண்டை இல்லை. தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973-லிருந்து இதற்காகவே இருக்கிறது. அதன் கடைகளுக்கே பூம்புகார் என்று ஒரு கடலோரத் துறைமுகத்தின் பேர்தான். கேள்வி என்னவென்றால், ஓலைப் பெட்டி ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் முடைந்த அம்மாவுக்கு அதில் எவ்வளவு? பேர் தெரியாதவரிடம் போய் இதை யாரும் கேட்க முடியாது. பேரை மறைப்பதில் இருக்கிற லாபமே அதுதான்.

'புவிசார் குறியீடு இருக்கிறதே' என்று அடுத்த சமாதானம் வரும். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் கிடைத்தது, நல்ல விஷயம். ஆனால் அது காப்பாற்றுவது ஊர்ப் பேரை. கூலியை அல்ல. இந்த மாவட்டத்தையே பாருங்களேன். ஆரணிப் பட்டுக்கும் அந்தக் குறியீடு உண்டு. பட்டுச் சேலை வாங்குகிற எத்தனை பேருக்கு நெய்தவர் பேர் தெரியும்?

'ஒரு பொருளில் பத்துப் பேர் கை இருக்கும், யார் பேரைப் போடுவது?' என்பது மூன்றாவது சாக்கு. சினிமாவில் லைட் பிடித்தவர் பேர் வரைக்கும் ஓடுகிறது. இங்கே பத்து பேர் எழுத அட்டையில் இடம் இல்லையாம்! மத்திய ஜவுளி அமைச்சகம் 2016-லிருந்து 'பெஹ்சான்' என்று கைவினைஞர்களுக்குப் படத்தோடு அடையாள அட்டையே கொடுக்கிறது. அரசாங்கத்துக்குத் தெரிந்த பேர் கண்காட்சி நடத்துகிறவருக்குத் தெரியாதா என்ன?

மனசு இருந்தால் வேறு மாதிரியும் செய்யலாம். 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் 'உபாசனா' சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்கு வெட்டிப்போட்ட துணித் துண்டுகளில் குட்டிப் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தது. பேர் 'சுனாமிகா'. விலைக்கு இல்லை, பரிசாகத்தான் கொடுத்தார்கள். விருப்பப்பட்டவர்கள் தந்த நன்கொடையில் வேலை நடந்தது. எல்லாரும் இப்படி இலவசமாகக் கொடுக்க முடியாதுதான். ஆனால் செய்த பெண்களை விட்டுவிட்டு அந்தப் பொம்மையின் கதையைச் சொல்லவே முடியாது. கடல் அவர்களிடமிருந்து எதைக் கொண்டுபோனது என்பதில்தான் கதையே ஆரம்பிக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பவளப்பாறையும் சில வகைச் சங்கு, சிப்பிகளும் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. கடலே இல்லாத ஊரில் எது பாதுகாக்கப்பட்ட சிப்பி என்று பக்தருக்கு எப்படித் தெரியும்? யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று எழுதி வைத்திருந்தால் நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்கும் அது பாதுகாப்பு.

ஆகவே கண்காட்சிக்காரர்களே, அட்டையில் கவிதையை இரண்டு வரி குறைத்துவிட்டு மூன்று விவரம் போடுங்கள்: செய்தவர் பேர், அவர் ஊர், விலையில் அவர் பங்கு. வாங்க வருகிறவர்களும் பேரம் பேசுகிற அதே வாயால் 'இதைச் செஞ்சது யாருங்க?' என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் பொருளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அடுத்த பௌர்ணமிக்கு அட்டை தானாக மாறும்.