மோதல் சோதனை நட்சத்திரங்களும் உடலுக்குள் நேரும் காயமும்

2023 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள பாரத் என்கேப் திட்டத்தில், காரை மோதவிட்டு, உள்ளே அமர்த்தப்பட்ட பொம்மைகளின் அளவீடுகளைக் கொண்டு நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. பொம்மைக்குக் கல்லீரலோ குடலோ இல்லை. ஆகவே டொயோட்டாவின் ‘தம்ஸ்’ போன்ற கணினி மாதிரிகளில், எலும்பு முதல் உள்ளுறுப்பு வரை மனித உடலைச் சிறு கூறுகளாகப் பகுத்து, மோதல் விசை ஒவ்வொன்றையும் எவ்வாறு தாக்குகிறது எனக் கணக்கிடுகின்றனர்.

எத்தனை நட்சத்திரம் பெற்ற காராயினும், சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின்மீது படிந்திருத்தல் வேண்டும். அது வயிற்றின்மீது ஏறியிருப்பின், தோல் கிழியாமலேயே குடல் கிழியக்கூடும்.

ஆற்காடு–ஆரணி சாலையில் திமிரியைக் கடக்கும் இருசக்கர வாகனங்களுக்கு இந்நட்சத்திரங்கள் இல்லை. அங்குத் தலைக்கவசமே காப்பு.

விபத்துக்குப்பின் வயிற்றுவலி, தோள்பட்டைவலி, மயக்கம் தோன்றினால், வெளிக்காயம் இல்லையெனினும் 108-ஐ அழையுங்கள். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணிநேரச் சிகிச்சை, நிர்ணயிக்கப்பட்ட வரம்புவரை கட்டணமின்றி அளிக்கப்படும்.