எந்த ஊர் அத்தை?

எஸ்.டி.டி. காலம். சிதம்பரத்து அத்தைக்கு நெஞ்சுவலி என்று கேள்விப்பட்டு, கடலூரிலிருந்து போன் போட்டேன். பதற்றத்தில் 04144-ஐ மறந்துவிட்டேன். உள்ளூரிலேயே யாரோ எடுத்து, ''எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்'' என்றார். நிம்மதியாகத் தூங்கினேன். அத்தையோ ஆஸ்பத்திரியில்!

லினக்ஸ் கர்னலிலும் இதே கூத்துதான். 2008-ல் வந்த 2.6.24-லிருந்து ஒரே கம்ப்யூட்டருக்குள் பல ஊர்கள். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்று பெயர். ஒவ்வொரு ஊரிலும் 1-ம் நம்பர் 'லோ'தான். ''2-ம் நம்பர் கார்டு சௌக்கியமா?'' என்றால், உங்கள் ஊர்க் கார்டைப் பார்த்துச் சொல்லிவிடும். அடுத்த ஊர் சேதி வேண்டுமா? அங்கேயே போய்த்தான் கேட்கணும். 2018 ஜனவரியில் வந்த 4.15-க்குப் பிறகு, கேள்வியோடு ஊர் எண்ணையும் சேர்த்தனுப்பலாம். அந்த ஊரில் உங்களுக்கு அதிகாரம் இருக்கணும், அவ்வளவுதான்.

அத்தை பிழைத்துவிட்டாள். ''அந்தக் கடலூர் அத்தை எப்படிடா இருக்கா?'' என்று என்னை விசாரிப்பதை மட்டும் கடைசிவரை விடவில்லை.