நாய் மூக்கில் ரத்தம்! காரணம் கல்லடி அல்ல, உண்ணி!

காரைக்குடிப் பக்கம் கொத்தமங்கலம் செட்டிநாட்டு ஊர். செட்டிநாட்டில் பல பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. காவலுக்கு ஒரு ஆள். அவருக்குத் துணை ஒரு நாய்.

அந்த நாய் சோறு தின்னாமல் படுத்தால், "வெயில் சூடு" என்பார்கள். மூக்கில் ரத்தம் வந்தால், "எவனோ கல்லால் அடித்துவிட்டான்" என்பார்கள். ஆனால் உண்மையான குற்றவாளி பல சமயம் நாயின் காதுக்குள் உட்கார்ந்திருக்கும். அதுதான் உண்ணி!

உண்ணி கடிக்கும்போது, அதன் எச்சில் வழியாக 'எர்லிக்கியா' என்ற பாக்டீரியா கிருமி நாயின் உடம்புக்குள் போகிறது. அது ரத்தத்தின் வெள்ளை அணுவுக்குள் புகுந்து குடித்தனம் நடத்துகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைகின்றன. அதனால்தான் மூக்கில் ரத்தம் கொட்டுகிறது.

இது புது நோய் அல்ல. 1935-ல் அல்ஜீரியாவில் கண்டுபிடித்தார்கள். 1944-லேயே தென்னிந்திய நாய்களில் இந்த நோய் இருப்பதாக எழுதினார்கள். 1960-களின் கடைசியில், வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க ராணுவ நாய்கள் இதனால் கூட்டம் கூட்டமாகச் செத்தன. துப்பாக்கிக்குத் தப்பிய நாய் உண்ணிக்குத் தப்பவில்லை!

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். வெள்ளை அணுவுக்குள் முசுக்கொட்டைப் பழம் போலக் கிருமிக் கூட்டம் தெரிந்தால், நோய் உறுதி. ஆனால் பல நாய்களில் அது கண்ணில் படாது. அதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே தட்டணுக்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில நிமிடத்தில் முடிவு சொல்லும் சிறு பெட்டிச் சோதனையும் இப்போது இருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருளைத்தான் அது காட்டுகிறது. நோய் வந்த முதல் சில நாட்களில் அது இருக்காது. குணமான பிறகும் பல மாதம் இருக்கும். சந்தேகம் தீராவிட்டால், கிருமியையே தேடும் பி.சி.ஆர். சோதனை உண்டு.

இவ்வளவு சோதனை எதற்கு? உண்ணி கடித்தால் 'பபேசியா' என்ற வேறு கிருமியும் வரலாம். அது சிவப்பு அணுவை அழிக்கும். அதற்கு மருந்து வேறு. குத்துமதிப்பாக மருந்து கொடுத்தால் நாய் பிழைக்காது.

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக நான்கு வாரம் கொடுக்கச் சொல்கிறார்கள். நான்காம் நாள் நாய் வாலை ஆட்டும், சோறு தின்னும். உடனே மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். கிருமி உள்ளே பதுங்கிவிடுகிறது. சில மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையே கெட்டுப்போனால், டாக்டரால் அதிகம் செய்ய முடியாது.

2025-ல் தெருநாய் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. எங்கும் வெறிநாய்க்கடி பற்றியே பேச்சு. அது நியாயம்தான். ஆனால் உண்ணியைப் பற்றி யார் பேசினார்கள்?

உண்ணி நாயின் மேலேயே குடியிருப்பது இல்லை. ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் முட்டை இடும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். எனவே நாயை மட்டும் குளிப்பாட்டினால் போதாது. நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் போடுங்கள். வெடிப்புகளைப் பூசுங்கள். மண்ணெண்ணெய் தடவாதீர்கள், நாயின் தோல் வெந்துவிடும். பிடுங்கிய உண்ணியை விரலால் நசுக்காமல், சோப்புத் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள்.