சாவியை ஒளித்து வைக்காதீர்கள்

தைவானில் 2012ஆம் ஆண்டு வெளிவந்த 'கோ கிராண்ட்ரைடர்ஸ்' என்ற ஆவணப்படத்தை நம் அன்பர்களில் சிலரே பார்த்திருப்பார்கள். 17 முதியவர்கள், சராசரி வயது 81. மோட்டார் வண்டிகளில் 13 நாட்கள் தங்கள் தீவைச் சுற்றி வருகிறார்கள். இதய நோயும் இரத்த அழுத்தமும் காது கேட்கும் கருவியும் கூடவே பயணம் செய்கின்றன.

நம் பக்கத்திலும் இத்தகைய பெரியவர்கள் உண்டு. மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று பெங்களூரில் பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகள் ஒன்றுகூடுகின்றன. உதைத்துக் கிளப்பும் லீவரே கியர் லீவராகவும் வேலை செய்யும் அழகைச் சொல்லும்போது தலை நரைத்தவர் முகத்தில் இருபது வயது தெரியும். (ஆயில் கலந்த பெட்ரோலின் புகையை மணம் என்பார்கள். எனக்கு அது புகைதான்.)

வீட்டிலோ கதை வேறு. "இந்த வயதில் இது தேவையா அப்பா?" என்று மகன் சாவியை எடுத்து ஒளித்து வைக்கிறான். பொம்மசந்திரா பக்கம் ஓசூர் சாலையில் லாரிகள் பாயும் வேகத்தைப் பார்த்தால் அவன் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

ரயில்வேயில் இஞ்சின் ஓட்டுநருக்கு 45 வயது வரை 4 ஆண்டுக்கு ஒருமுறை, 55 வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஓய்வுபெறும் வரை ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை. தேறினால் வண்டி, தேறாவிட்டால் வேறு வேலை. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 55 வயதைத் தாண்டியவருக்கு ஓட்டுநர் உரிமம் 5 ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. டாக்டர் சான்றிதழும் வேண்டும்தான். அது எவ்வளவு எளிதில் கைக்கு வருகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். எழுபதை நெருங்கியவருக்கு 5 ஆண்டு நீண்ட காலம். கண்புரை அதுவரை காத்திருக்காது.

ஆகவே பரிசோதனையை நாமே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கொரு முறை கண், காது, இரத்த அழுத்தம். அத்துடன், வண்டியைத் தனியாக சென்டர் ஸ்டாண்டில் ஏற்ற முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். முழங்காலும் முதுகும் அதில் உண்மையைச் சொல்லிவிடும். தைவான் பெரியவர்களுடனும் மருத்துவ உதவிக்கு ஆட்கள் போனார்கள். அது அவர்களுக்கு இழுக்காகத் தோன்றவில்லை.

ஜூலைக்கு முன் ஒரு ஞாயிறு காலை நம் சங்கத்தில் இதற்கு ஏற்பாடு செய்யலாம். தேறியவரிடம் மகன் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். தேறாதவர், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, மகனுக்குப் பின்னால் உட்கார்ந்து வரட்டும்.