கில்விஷ் மீது நமக்கேன் இத்தனை அன்பு?

தில்லியில் எங்கள் விடுதியில் மின்சாரம் நின்றதும் யாரேனும் ஒருவர் இருட்டிலிருந்து ‘அந்தேரா காயம் ரஹே’ என்று முழங்குவார், தளமே சிரிக்கும். ‘இருள் நிலைக்கட்டும்’ என்னும் அம்முழக்கம், 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘சக்திமான்’ தொடரின் கொடியோன் தம்ராஜ் கில்விஷுக்கு உரியது. இந்தி அறியாப் பருவத்தில் தமிழகத்திலிருந்து அத்தொடரைப் பார்த்த எனக்கும் அவன் மொழிபெயர்ப்பின்றியே விளங்கினான்.

இவ்வன்பை வெறும் பால்யகால ஏக்கம் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கில்விஷாக நடித்த சுரேந்திர பால்தான், 1988இல் தொடங்கிய பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரதம்’ தொடரில் துரோணராகவும் நடித்தவர். முகம் ஒன்று, தீங்குகள் இரண்டு. தான் வேண்டுவது இருளே என்று கில்விஷ் அறிவித்துவிட்டே வருகிறான். துரோணரோ குருதட்சிணை என்னும் புனிதச் சொல்லால் ஏகலைவனின் கட்டைவிரலைப் பெற்றவர். அவையில் பாஞ்சாலி நீதி கேட்டபோது வாளாவிருந்தவர்.

பிரிட்டனில் 1963இல் ‘டாக்டர் ஹூ’ தொடரில் அறிமுகமான டாலெக்குகளும் இவ்வாறே, அழிப்பதே தம் நோக்கம் என்று கூவிக்கொண்டு வருபவை. அவற்றையும் அந்நாட்டு ரசிகர்கள் இன்றளவும் நேசிக்கின்றனர்.

தன்னை அறிவித்துக்கொண்டு வரும் தீமையோடு போரிடலாம். இயலாதபோது அதைப் பார்த்துச் சிரிக்கவாவது செய்யலாம். கல்விக்கூடங்களில் நாம் அஞ்ச வேண்டியது, தகுதி, மரபு, ஒழுங்கு என்று கனிவாகப் பேசியே கட்டைவிரலைக் கேட்கும் குரலுக்குத்தான். அக்குரலைக் கேட்டுப் பழகியோர்க்குக் கில்விஷின் வெளிப்படையான கொடுமை ஓர் ஆறுதல். அவ்விருட்டுச் சிரிப்பில் ஒரு விமர்சனம் இருக்கிறது. அதை ஆசிரியர்களும் கேட்க வேண்டும்.